படிவத்தின் பின்பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று நீங்களே சொன்னால் இனி நம்புவதற்கில்லை. மேல்மாடி டீச்சர் எனக்குப் போன் செய்தார். போன மாதம் குளியலறையில் விழுந்து, எழ முடியாமல் நாற்பது நிமிடம் கிடந்தீர்களாம். அவர் தற்செயலாகக் கதவைத் தட்டியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நேரமோ. கேட்டதற்கு, "விழல, உட்கார்ந்திருந்தேன்" என்றீர்களாம்.

விஷயம் உங்கள் பெரிய மகளுக்கும் போய்விட்டது. அண்ணி நேற்று வெளிநாட்டிலிருந்து பேசினார். "இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன். வீட்டையும் வித்துடலாம். நீ குறுக்க வராத" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

மாற்றல் உத்தரவு வந்திருக்காவிட்டால் நான் அங்கேயே உங்களோடு இருந்திருப்பேன். அது நம் கையில் இல்லை.

உங்கள் தெருமுனை நூலகத்துக்குப் பக்கத்தில் முதியோர் ஆதரவு மையம் ஒன்று நடக்கிறது. வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குளியலறையில் கைப்பிடி பொருத்தித் தருவார்கள். மருத்துவமனைக்குப் போக வேன் உண்டு. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தை நிரப்பினால் போதும்.

இங்கே ஆய்வகத்தில் எல்லாம் வழக்கம்போல. நாளொன்றுக்கு நாற்பது குழாய்த் தண்ணீர் மாதிரிகள். நிறம் இல்லை, மணம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

---

மார்ச் 11

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே எப்படி?

உன் கடிதத்தில் என்னைப் பற்றி நாலு பத்தி, உன்னைப் பற்றி மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் தண்ணீர்தான் இருக்கிறது, நீ இல்லை.

முதலில் போன் சமாசாரம். முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராரின் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டேன். யார் பேசுகிறார்கள், யார் பேசுவதுபோல் பாவனை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது: "ம்", "சரி", "ஆமா அத்தை", "வச்சிடறேன்." இதற்கு எதற்கு ஒரு கருவி? இனிமேல் கடிதம்தான். பதினைந்து நாளுக்கு ஒன்று நான் போடுவேன். நீ பதில் போட்டே தீர வேண்டும். அரைப் பக்கத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்புவேன்.

அப்புறம், மையத்துக்குப் போனேன். அமைப்பாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கிறது. படிவத்தின் முன்பக்கம் "உதவி தேவைப்படுவோர்", பின்பக்கம் "உதவி செய்ய விரும்புவோர்." நான் பின்பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். எழுபத்துமூன்று வயதில் ஊருக்கு உபகாரம் செய்ய எனக்குத் தெம்பு இருக்கிறது. பாவம், தனியாகக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர்.

என் பெரியவள் சொன்னதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. அவள் ஆறு வயதிலேயே என்னை இல்லத்தில் சேர்ப்பதாகச் சொன்னவள்.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை

---

மார்ச் 14

மதிப்பிற்குரிய அமைப்பாளருக்கு,

வணக்கம். உங்களிடம் சென்ற வாரம் பின்பக்கம் நிரப்பிக் கொடுத்த, ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியரின் மருமகள் நான். என் கணவர் சென்ற செப்டம்பரில் காலமானார். அத்தை அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். நான் இப்போது பணி மாற்றலில் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறேன்.

அவருக்கு உதவி தேவை. உதவி என்று சொன்னால் ஏற்க மாட்டார். ஆகவே முன்பக்கத்தை நான் நிரப்பி, உறவினர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். இது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. வேறு வழி தோன்றவில்லை.

இப்படிக்கு,
மருமகள்

---

மார்ச் 20

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அலுவலகத்தில் எல்லோருக்கும் சளி, மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தயங்க வேண்டாம். எங்களிடம் வரும் பெரியவர்கள் எல்லோரும் பின்பக்கம்தான் நிரப்புகிறார்கள். அவர்கள் வீட்டார் எல்லோரும் முன்பக்கம்தான் அனுப்புகிறார்கள். முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். இப்படி இரண்டு பேரைச் சேர்த்துவிடுவோம். இவர் அவருக்கு உதவுவதாக நினைத்துப் போவார், அவர் இவருக்கு உதவுவதாக நினைத்து வரவேற்பார். "உதவிக்கு வந்ததா காட்டிக்காதீங்க, அவங்க மனசு நோகும்" என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லிவிடுவோம். இப்போது பதினோரு ஜோடிகள் இருக்கின்றன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உங்கள் அத்தை வீட்டுக்குச் செவ்வாய்தோறும் நாலு மணிக்கு ஒரு முன்னாள் பேருந்து ஓட்டுநர் வருவார். வயது எழுபத்தாறு. மனைவி இல்லை. மகளோடு இருக்கிறார்.

இரண்டு விதிகள் மட்டும். ஒன்று, வீட்டின் இரண்டாவது சாவி நடந்து வரும் தூரத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், தனியாக இருக்கத் தக்கவர் என்று எங்களால் எழுதித்தர முடியாது. இப்போதைக்கு மேல்மாடி டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு, யாராவது நேருக்கு நேர் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.

உங்களையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்... உங்களிடமே சொல்கிறேன், பாருங்கள். வேலை அவசரத்தில் எழுதுகிறேன். ஓய்வெடுங்கள்.

அமைப்பாளர்

---

மே 9

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மற்ற உறுப்பெல்லாம் சமாதானமாக இருக்கிறது. உனக்கு?

போன இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போட்டாய், மறுக்கவில்லை. ஆனால் நீ இருக்கும் அறைக்கு எத்தனை ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியாது.

என் ஆளைப் பற்றிச் சொன்னேனே, அந்த ஓட்டுநர். அவருக்கு "பிரேக்" என்று பெயர் வைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே வருவார், நடுவில் சட்டென்று நின்றுவிடுவார். முன்னால் யாரோ குறுக்கே ஓடியதுபோல நமக்குத் தூக்கிப்போடும். நின்ற இடத்தில் அவர் மனைவி இருப்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்பதில்லை. தேநீரை நகர்த்தி வைப்பேன். வண்டி மறுபடி கிளம்பும்.

பாவம், தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போட்டாரா என்று நாசூக்காகக் கேட்பேன். "நீங்க போட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். என்னைப் போடவைத்தால்தான் அவரும் போடுவார் போல என்று நானும் போட்டுக்கொள்கிறேன். தெருவைச் சுற்றி நடக்கவைக்கிறேன். "மெதுவா வாங்கம்மா, கை கொடுங்க" என்கிறார், தனக்குத் தள்ளாடுவதை மறைக்க. நானும் கை கொடுக்கிறேன். போகும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே வசனம்: "அடுத்த செவ்வாயும் வருவேன், பயப்படாதீங்க." பயம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

குளியலறையில் கைப்பிடி பொருத்திவிட்டார்கள். அவர் வந்தால் பிடித்துக்கொள்வதற்காக நானே கேட்டு வாங்கினேன்.

ஜன்னல் எத்தனை என்று எழுது.

அத்தை

---

ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு குழாய் மேலிருந்து கீழே போகிறது. காலையில் அதில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். அதுதான் எனக்கு எழும் நேரம். ஏழரைக்குக் கிளம்புகிறேன். ஆய்வகத்தில் என் மேசைக்கு எதிரில் இருப்பவள் நிறையப் பேசுவாள். நான் தலையாட்டினால் அவளுக்குப் போதும். ஆறு மணிக்குத் திரும்பி வருகிறேன். அவருடைய பெட்டி இரண்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று வைத்திருக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லை.

எனக்கு வருத்தமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருக்கிறது.

வேறொன்று. மேல்மாடி டீச்சர் செப்டம்பர் கடைசியில் மகன் வீட்டுக்கே குடிபோகிறாராம். உங்களிடம் சொன்னாரா? சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும். அண்ணிக்கு இன்னும் தெரியாது.

அரைப் பக்கம் வந்துவிட்டது.

உங்கள் மருமகள்

---

ஆகஸ்ட் 2

மருமகளுக்கு,

செவ்வாய்க்கிழமை பிரேக் விழுந்துவிட்டார். என் குளியலறையில் பல்ப் போய்விட்டது. "நான் இருக்கும்போது நீங்க ஏறலாமா?" என்று ஸ்டூலில் ஏறினார். அவர் சந்தோஷத்துக்காக விட்டேன். ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்துத்தான் இருந்தேன்.

ஆம்புலன்ஸை அழைக்கப் போனை எடுத்தேன். குரல் தானாக வந்தது. முகவரி, வயது, நினைவு இருக்கிறது, இடது இடுப்பு, வாசலில் படி மூன்று. வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மருத்துவமனையில் டாக்டர் எலும்பு முறிவு என்றார். இவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. "டாக்டர், எத்தனை நாள் ஆகும்? செவ்வாய்க்கிழமை இந்தம்மாவ யாராவது போய்ப் பார்க்கணும். இவங்க என் பொறுப்பு. மையத்துல என்னை நம்பி விட்டிருக்காங்க" என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மையத்துக்குப் போய், "நான் முன்பக்கமா பின்பக்கமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு படிவக் கோப்பை எடுத்துக் காட்டினாள். உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

அத்தை

---

ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. முதல் முறை.

நான் செய்தது தவறு. உங்களிடம் சொன்னால் மறுப்பீர்கள் என்று நினைத்தேன். மறுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. ஓட்டுநருக்கு அறுவை சிகிச்சை நடந்ததா? எப்படி இருக்கிறார்? நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள் மருமகள்

---

செப்டம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. நீங்கள் கண்ணில் படுகிறீர்கள், மாடிப்படி ஏறி இறங்குகிறீர்கள் என்று டீச்சர் சொல்கிறார். அந்த அளவுக்கு நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி பேசினார். டீச்சர் போவது தெரிந்துவிட்டது. "சாவி வச்சுக்க ஆள் இல்ல, மையமே எழுதித்தர மாட்டேங்குது, அப்புறம் என்ன?" என்றார். அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஓர் இல்லத்தில் அறை சொல்லிவைத்திருக்கிறார். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

மாற்றல் உத்தரவு வந்தது என்று சொன்னேன். அது பொய். நான் விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்கினேன். அவர் இறந்த ஏழாவது வாரம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று போட்டேன்.

நீங்கள் காலையில் எழுந்ததும் இரண்டு முறை செருமுவீர்கள். அவரும் அப்படித்தான். முதலில் ஒன்று, சின்ன இடைவெளி, அப்புறம் இன்னொன்று. தினமும் காலையில் அடுத்த அறையிலிருந்து அது கேட்கும். முதல் செருமலுக்கு அவர் என்று நினைப்பேன். இரண்டாவதற்குள் நீங்கள் என்று தெரிந்துவிடும். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. உங்களைத் தனியாக விட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்த பிறகு தாங்குவதற்கும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

எழுபத்துமூன்று வயதில் மகனை இழந்தவரை, செருமுகிறார் என்பதற்காக விட்டு வந்தவள் நான். உறவினர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டிருக்கக் கூடாது.

திரும்ப மாற்றல் கேட்டேன். அடுத்த வருஷம்வரை இடம் இல்லை என்றார்கள்.

உங்கள் மருமகள் என்று போடலாமா தெரியவில்லை. போடுகிறேன்.

உங்கள் மருமகள்

---

செப்டம்பர் 13

அன்புள்ள மருமகளுக்கு,

முழங்கால் அப்படியேதான். மற்றது நலம். நீ நலமில்லை என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

உன் பொய் எனக்கு நவம்பரிலேயே தெரியும். நீ குளித்துக்கொண்டிருந்தபோது உன் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம் கேட்ட டிரான்ஸ்ஃபர் ஓகே ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றான் ஒருவன். நான் சொல்லவில்லை. இரண்டு நாளில் உத்தரவு காகிதமாக வந்தது. நீ என்னிடம், "திடீர்னு மாத்திட்டாங்க அத்தை" என்றாய். நான், "அரசாங்கத்துக்குக் கண் இருக்கா?" என்று திட்டினேன். அடுத்தவர் பேச்சைக் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம்.

செருமல் விஷயம். நான் அவனைப்போல் செருமவில்லை. அவன்தான் என்னைப்போல் செருமினான். அதை இனி என்னால் மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ வண்டி ஏறிப் போன அன்று எனக்கும் மூச்சு விட முடிந்தது. அவன் தட்டில் நீ சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததே, தினமும். நீ கவனித்தாயா தெரியாது. நீ ஓடினாய். ஓடட்டும் என்று நான் விட்டேன். கணக்கு அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஏன் எழுதவில்லை என்றால், கோபத்தால் அல்ல, வெட்கத்தால். மையத்துப் பெண் கோப்பைத் திறந்தபோது உன் படிவத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நான் கொடுத்தது. மார்ச்சில் அங்கே போனபோது நான் நிரப்பியது இரண்டு படிவம். பின்பக்கம் எனக்காக, முன்பக்கம் உனக்காக. உதவி தேவைப்படுபவர்: மருமகள், வயது நாற்பத்துநாலு. என்ன உதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "பேச்சு நின்றுவிட்டது" என்று எழுதினேன். அந்தப் பெண், "அம்மா, இது அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குத்தான்" என்றாள். நான் நகரவில்லை. கடைசியில், "சரி, நீங்களே பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, அதையே உங்க சேவையா பதிஞ்சுக்கறேன்" என்றாள். நான் போன் வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணம். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதிவிட்டு, என்னைக் கேட்காமல் எழுதினாய் என்று உன்மேல் கோபப்பட எனக்கு வாய் ஏது?

இப்போது சாவி. பிரேக்கின் மகள் அடுத்த தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். நேராகப் போய்க் கேட்டேன். "ஒன் அப்பா என் வீட்டுலதான் விழுந்தாரு. ஒனக்கு என்மேல கோபம் இருக்கும். இருந்தாலும் கேக்கறேன், என் சாவிய வச்சுக்கறியா?" என்றேன். அவள் ஒரு ஆளின் தலையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு தினம் உங்களத்தான் கேக்கறாரு. காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் எங்க வீட்டுக்கு வந்து அவரோட உட்காருங்க, நான் கடையப் பார்க்கணும். சாவி கொடுத்துட்டுப் போங்க" என்றாள். மையத்து வேனில் போய் வருகிறேன். அவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடக்கிறார். இப்போது ஒளிவுமறைவு இல்லை. அவர் என் முன்பக்கம், நான் அவருடைய முன்பக்கம்.

தனியாக இருக்கத் தக்கவர் என்று மையம் எழுதித்தந்துவிட்டது. உன் அண்ணிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகவே நீ மாற்றல் கேட்டு அலைய வேண்டாம். எனக்காக நீ வர வேண்டிய கட்டாயம் எதுவும் இங்கே மிச்சமில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

உன் அத்தை

---

செப்டம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

வழக்கமாக நலம் சொல்லித் தொடங்குவேன், இன்று வேறு ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் ஆய்வக முகவரிக்கு வந்தது. மாதிரிப் புட்டிகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். அழுகை வரவில்லை. மூன்று மணி இருக்கும். பசித்தது. நேரமாயிற்று என்று சாப்பிடுவது வேறு, இது பசி. வயிற்றில் வலிபோல இருந்தது. என்னவோ நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர் மேசைக்காரியிடம், "எனக்குப் பசிக்குது" என்றேன். அவள், "பேசத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் டப்பாவிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றேன்.

நீங்கள் என் தட்டைப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. அது அவருடைய தட்டு என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கையில் கிடைத்ததை எடுத்தேன். இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

பத்து நாள் விடுப்புக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கட்டாயம் இல்லை என்று நீங்கள் எழுதிய பிறகுதான் கேட்க முடிந்தது. சரியாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காலையில் உங்கள் செருமலைக் கேட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பேனோ என்னவோ. அப்படி நின்றால் கண்டுகொள்ளாதீர்கள். நீங்களும் எனக்காக அடக்கிக்கொள்ள வேண்டாம்.

சனிக்கிழமை பகல் வண்டி. மூன்றரை மணிக்கு வீட்டு வாசலில் இருப்பேன். மணியை ஒரு முறைதான் அடிப்பேன். முழங்காலை வைத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். நான் வாசலிலேயே நிற்பேன்.

உங்கள் மருமகள்